நிறவெறியும் நாமும் – மார்ச் 21 தரும் படிப்பினை

 

எல்லாப் புகழும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

ஆண்டுதோறும் மார்ச் 21ஆம் நாள், இனப் பாகுபாட்டை ஒழிப்பதற்கான சர்வதேச நாளாக உலகெங்கும் கடைப்பிடிக்கப்பட்டு வருகிறது. 1966ஆம் ஆண்டில் ஐக்கிய நாடுகள் பொதுச் சபை இதனை அறிவித்தது. தென்னாப்பிரிக்காவில் அதே நாள் ‘மனித உரிமை நாள்’ என்ற பெயரில் பொது விடுமுறை நாளாகவும் விளங்குகிறது. உலக மனித உரிமை நாளாகிய டிசம்பர் 10 வேறு, இது வேறு.

“நாள்களைக் கொண்டாடுவதில் நமக்கென்ன வேலை ஹள்ரத்?” என்று உங்களில் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஒரு நாளைக் கொண்டாடச் சொல்வது இக்கட்டுரையின் நோக்கமன்று. அந்த நாளுக்குப் பின்னால் சிந்தப்பட்ட இரத்தம் இருக்கிறது. அந்தப் போராட்டத்தில் ஒரு பள்ளிவாசல் இமாமின் உயிரும் சேர்ந்திருக்கிறது. அதை நாமும் நம் பிள்ளைகளும் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஷார்ப்வில்லில் நடந்தது என்ன?

1948ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவில் ஆட்சிக்கு வந்த வெள்ளையர் கட்சி, மனிதர்களை நிறவாரியாகப் பிரித்து வைப்பதையே அரசின் கொள்கையாக ஆக்கியது. 1950ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று, ஒவ்வொரு குடிமகனையும் இன்ன இனம் என்று பதிவு செய்தது. யார் எந்த இனம் என்று ஐயம் எழுந்தால், தலைமுடியில் பென்சிலைச் செருகிப் பார்ப்பார்களாம். பென்சில் கீழே விழுந்தால் ஓர் இனம். சுருள் முடியில் சிக்கி நின்றால் வேறோர் இனம்! அல்லாஹ் அளித்த முடியைக் கொண்டு மனிதனின் மதிப்பை அளந்த மடமையை என்னவென்று சொல்வது? இந்தப் பதிவுமுறையால் ஒரே குடும்பத்தார் வெவ்வேறு இனத்தவராக எழுதப்பட்டுப் பிரிந்துபோன கொடுமையும் நடந்தது. அதே ஆண்டில் வந்த மற்றொரு சட்டம், எந்த இனத்தார் எந்தப் பகுதியில் குடியிருக்கலாம் என்று வரையறுத்தது. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வீடுகளிலிருந்து மக்கள் வெளியேற்றப்பட்டனர்.

கறுப்பின மக்கள் 16 வயதைக் கடந்துவிட்டால் எந்நேரமும் ஓர் அனுமதிப் புத்தகத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும். தம் சொந்த மண்ணில் நடமாடவே அனுமதிச் சீட்டு! அது கையில் இல்லையேல் சிறை. இதை எதிர்த்து 1960 மார்ச் 21 அன்று, வெரீனிகிங் நகருக்கு அருகிலுள்ள ஷார்ப்வில் என்னும் குடியிருப்பில், ஆயிரக்கணக்கான மக்கள் அனுமதிப் புத்தகம் இல்லாமல் காவல் நிலையத்தின் முன் கூடினர். “எங்களைக் கைது செய்துகொள்ளுங்கள்” என்பதே அவர்களது போராட்டம். காவலர்கள் துப்பாக்கியால் சுட்டனர். அரசுக் கணக்கின்படியே 69 பேர் உயிரிழந்தனர். அவர்களில் பலர் முதுகில் குண்டடி பட்டவர்கள். அதாவது, உயிருக்கு அஞ்சித் திரும்பி ஓடியவர்கள்.

இந்த வரலாறு நமக்கு அந்நியமானதன்று. 1860ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து புறப்பட்ட கப்பலில்தான் முதல் ஒப்பந்தக் கூலித் தொழிலாளர்கள் டர்பன் கரையில் போய் இறங்கினர். அவர்களின் வழித்தோன்றல்களும் அங்கே இரண்டாந்தரக் குடிமக்களாகவே நடத்தப்பட்டனர். அதற்கும் முன்னர், டச்சுக்காரர்கள் கேப் டவுனுக்குப் பிடித்துச் சென்ற அடிமைகளில் இந்தோனேசியத் தீவினரோடு நமது சோழமண்டலக் கரையினரும் இருந்தனர். கேப் டவுனின் முஸ்லிம் சமுதாயம் இப்படிக் கொண்டுவரப்பட்ட அடிமைகளாலும், நாடு கடத்தப்பட்ட பெரியார்களாலும் உருவானதாகும்.

மிம்பரிலிருந்து எழுந்த குரல்

அந்தச் சமுதாயத்தில் 1924ஆம் ஆண்டு பிறந்தவர்தாம் இமாம் அப்துல்லாஹ் ஹாரூன் (ரஹ்) அவர்கள். புனித மக்காவில் கல்வி பயின்றவர். 1955ஆம் ஆண்டில் கேப் டவுன் கிளேர்மான்ட் பகுதியிலுள்ள ஸ்டெக்மன் சாலைப் பள்ளிவாசலின் இமாமாகப் பொறுப்பேற்றார். வாழ்வாதாரத்துக்காக ஒரு மிட்டாய் நிறுவனத்தின் விற்பனைப் பிரதிநிதியாகவும் பணியாற்றினார்.

அந்த வேலையின் மூலம், மற்றவர்கள் எளிதில் நுழைய முடியாத கறுப்பின மக்களின் குடியிருப்புகளாகிய லாங்கா, நியாங்கா, குகுலேத்து ஆகிய இடங்களுக்குச் செல்லும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. அங்கே மிட்டாய் விற்றதோடு அவர் நின்றுவிடவில்லை. குடும்பத் தலைவன் சிறைப்பட்டுவிட்ட வீடுகளுக்கு உதவிப் பணத்தைக் கொண்டு சேர்த்தார். அம்மக்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள் அல்லர். ஆயினும் அவரைத் தம் மொழியில் ‘போதகர்’ என்று பொருள்படும் சொல்லால் அன்போடு அழைத்தனர்.

மிம்பரில் நின்று, இனவாரிச் சட்டங்கள் இஸ்லாத்திற்கு முரணானவை என்று இமாம் அவர்கள் வெளிப்படையாகவே பேசினார். 1969 மே 28 அன்று அவர் கைது செய்யப்பட்டார். விசாரணையின்றி, குடும்பத்தாரைச் சந்திக்கவும் இயலாமல் 123 நாள்கள் அடைக்கப்பட்டார். செப்டம்பர் 27 அன்று காவலிலேயே வஃபாத்தானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். உடலில் இருபதுக்கும் மேற்பட்ட காயங்கள். முறிந்த விலா எலும்பு. “படிக்கட்டில் தவறி விழுந்தார்” என்று காவல்துறை கூறியது. 1970ஆம் ஆண்டு விசாரணையும் எவர் மீதும் குற்றமில்லை என்று முடிந்தது.

அவரது ஜனாஸாவில் ஏறத்தாழ 40,000 பேர் திரண்டனர். எனினும், அவர் சிறையில் இருந்த அந்த 123 நாள்களில், அவருக்காக வாய் திறக்க வேண்டியவர்களில் பலர் மௌனமாக இருந்தனர் என்பதையும் வரலாறு மறைக்காமல் பதிவு செய்துள்ளது. “நமக்கேன் வம்பு?” என்பதே அந்த மௌனத்தின் பொருள்.

பாதிரியார் நோற்ற நோன்பு

இங்கே நாம் தலைகுனிந்து கேட்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. இமாமின் மரணத்தைப் பற்றி முறையான விசாரணை வேண்டும் என்று கோரி, 1971ஆம் ஆண்டில் பெர்னார்ட் ராங்க்மோர் என்னும் கிறிஸ்தவப் பாதிரியார் 67 நாள்கள் உண்ணாநோன்பு இருந்தார். எங்கே தெரியுமா? கேப் டவுன் நகருக்கு மேலே, சிக்னல் குன்றிலுள்ள ஒரு முஸ்லிம் பெரியாரின் அடக்கத்தலத்தில்! ஓர் இமாமுக்காக ஒரு பாதிரியார், ஒரு தர்காவில் அமர்ந்து நோன்பிருந்தார். பரஸ்பர மரியாதை என்று இந்நாளில் பேசப்படுகிறதே, அதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

நீதி மிகவும் தாமதமாகவே வந்தது. 1996 டிசம்பர் 10 அன்று, நாட்டின் புதிய அரசியல் சாசனத்தில் அதிபர் நெல்சன் மண்டேலா கையெழுத்திட்ட இடம் அதே ஷார்ப்வில்தான். இமாமின் வழக்கு 2022ஆம் ஆண்டில் மீண்டும் விசாரிக்கப்பட்டு, அவர் சித்திரவதையால்தான் இறந்தார் என்று 2023 அக்டோபரில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அநீதி இழைக்கப்பட்டு 54 ஆண்டுகள் கழித்து!

திருமறையும் நபிமொழியும்

இமாம் ஹாரூன் (ரஹ்) அவர்களுக்கு இந்தத் துணிவு எங்கிருந்து வந்தது? நாம் ஒவ்வொரு நாளும் ஓதுகிற அதே வேதத்திலிருந்துதான். மனிதர் யாவரும் ஓர் ஆணிலிருந்தும் ஒரு பெண்ணிலிருந்தும் வந்தவர்கள். குலங்களும் கோத்திரங்களும் ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்காகவே. இறையச்சம் மிக்கவரே அல்லாஹ்விடம் கண்ணியமிக்கவர் என்பது 49:13 வசனத்தின் சாரம். நிறங்களும் மொழிகளும் வேறுபட்டிருப்பதைத் தன் அத்தாட்சிகளில் ஒன்றாக அல்லாஹ் 30:22 வசனத்தில் எடுத்துரைக்கிறான். அவன் அத்தாட்சி என்று கூறியதை நாம் குறை என்று கூறலாமா? தன் மூலப்பொருளைக் காட்டிப் பெருமையடித்த முதல் படைப்பு யார் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். நெருப்பால் படைக்கப்பட்ட நான், மண்ணால் ஆனவருக்குப் பணிவதா என்று இறுமாந்தவன் இப்லீஸ். இனப்பெருமை அவன் விட்டுச்சென்ற சொத்து.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தமது இறுதி ஹஜ்ஜில், அரபிக்கு அரபியல்லாதவரை விடவோ, வெள்ளையருக்குக் கறுப்பரை விடவோ இறையச்சத்தைக் கொண்டேயன்றி எந்தச் சிறப்பும் இல்லை என்று பிரகடனம் செய்தார்கள். இதை நாம் அனைவரும் பலமுறை கேட்டிருக்கிறோம். ஆனால், புகாரி ஷரீஃபில் இடம்பெறும் மற்றொரு நிகழ்ச்சிதான் நம் இல்லங்களுக்கு மிகவும் நெருக்கமானது.

அபூதர் (ரலி) அவர்கள் ஒருமுறை கோபத்தில், ஒரு மனிதரை அவருடைய தாயைக் குறிப்பிட்டு இழிவாகப் பேசிவிட்டார்கள். அந்த மனிதர் பிலால் (ரலி) அவர்களே என்று விரிவுரையாளர்கள் சிலர் கூறுவர். செய்தி நாயகத்தின் செவிக்கு எட்டியது. அபூதரோ மூத்த ஸஹாபி. துன்பம் சகித்து ஈமான் கொண்டவர். எனினும் நபி (ஸல்) அவர்கள் அவரைத் தட்டிக்கொடுத்து அனுப்பவில்லை. உம்மிடம் அறியாமைக் காலத்தின் குணம் இன்னும் இருக்கிறது என்று நேருக்கு நேராகக் கண்டித்தார்கள். பணியாளர்கள் உங்கள் சகோதரர்கள். நீங்கள் உண்பதையே உண்ணக் கொடுங்கள், உடுத்துவதையே உடுத்தக் கொடுங்கள் என்றும் உபதேசித்தார்கள். பின்னாளில் ரபதா என்னுமிடத்தில் அபூதர் (ரலி) அவர்களைக் கண்ட ஒருவர், அவரும் அவருடைய பணியாளரும் ஒரே மாதிரியான ஆடை அணிந்திருப்பதைப் பார்த்து வியந்து காரணம் கேட்டார். அப்போதுதான் இந்த நிகழ்ச்சியை அவர்களே எடுத்துக் கூறினார்கள். தம் குற்றத்தைத் தாமே சொல்லிப் பிறருக்குப் பாடமாக்கிய பெருந்தகை அவர்கள்!

ஆகவே, நானும் என் குற்றம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

சஹனில் காலியான மூன்று இடங்கள்

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊரில் நடந்த நிகாஹ் விருந்துக்குச் சென்றிருந்தேன். சஹன் விருந்து. ஒரு தட்டைச் சுற்றி நால்வர் அமர்ந்து ஒன்றாக உண்பது நம் முன்னோர் போற்றி வந்த சகோதரத்துவப் பழக்கமல்லவா? அவ்வூர்ப் பள்ளிவாசலில் தரைக்கல் பதிக்கும் வேலைக்கு வந்திருந்த வடநாட்டு இளைஞர் ஒருவர், கைகழுவி வந்து ஒரு சஹனில் அமர்ந்தார். அவரும் முஸ்லிம்தான். வேலை நடந்த நாள்களில் ஐவேளையும் முன் ஸஃப்பில் நின்றவர். அவர் அமர்ந்ததும் அந்த சஹனில் இருந்த மூவரும் ஒருவர்பின் ஒருவராக எழுந்தனர். ஒருவரை உறவினர் அழைத்தாராம். மற்றவருக்குக் காற்று வரவில்லையாம். மூன்றாமவர் காரணம் எதுவும் சொல்லவில்லை. பரிமாறுபவர் வந்து அந்தச் சஹனை எடுத்துக்கொண்டு, இளைஞருக்குத் தனித்தட்டு ஒன்றை வைத்துவிட்டுப் போனார்.

எதிரிலிருந்த சஹனில் அமர்ந்து நான் இதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து சென்று அவருடன் அமர்ந்திருக்க எனக்குப் பத்து அடிகூட நடக்க வேண்டியதில்லை. மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைப்பார்களோ என்று என் சோற்றையே உண்டுகொண்டிருந்தேன். அடுத்த வாரம் அவ்வூரில் எனக்குக் குத்பா. தலைப்பு சகோதரத்துவம்! மிம்பரிலிருந்து பார்த்தேன். அந்த இளைஞர் கடைசி ஸஃப்பில் நின்றிருந்தார். தொழுகை முடிந்து நான் தேடியபோது அவர் சென்றுவிட்டார். வேலையும் முடிந்து வேற்றூருக்குப் போய்விட்டார் என்று பின்னர் அறிந்தேன்.

மனிதர்களுக்குரிய கடமையில் தவறினால் அந்த மனிதரிடமே மன்னிப்புப் பெறவேண்டும் என்று மதரஸாவில் ஓதிக் கொடுப்பவன் நான். அந்தக் கடன் இன்றும் என் கழுத்தில் இருக்கிறது.

நம் இல்லங்களைப் பார்ப்போம்

தென்னாப்பிரிக்காவின் சட்டங்களைக் கேட்டு நாம் ஆத்திரப்படுகிறோம். ஆனால் நம் வீட்டுக்குள் எழுதப்படாத சட்டங்கள் எத்தனை? பெண் பார்க்கச் சென்றால், “எல்லாம் சரிதான், நிறம்தான் கொஞ்சம் கம்மி” என்று அந்தப் பெண்பிள்ளையின் காதில் விழும்படியே பேசுகிறோம். பிறந்து ஒரு நாளான குழந்தையின் நிறத்தை வைத்து அதன் எதிர்காலத்தைக் கணிக்கிறோம். நிறத்தைச் சொல்லிப் பட்டப்பெயர் வைத்து அழைக்கிறோம். பட்டப்பெயர் சூட்டி இழிவுபடுத்துவதை 49:11 வசனம் தடுத்திருப்பது நமக்குத் தெரியாதா? தாத்தா காலத்தில் இஸ்லாத்தைத் தழுவிய குடும்பத்தைப் பேரன் காலத்திலும் ‘புது முஸ்லிம்’ என்றே குறிப்பிட்டு, சம்பந்தம் பேசத் தயங்குகிறோம். பென்சிலைச் செருகிப் பார்த்தவர்களுக்கும் நமக்கும் எவ்வளவு தூரம்?

பள்ளிவாசலைக் கூட்டிப் பெருக்கி வந்த கறுப்பினப் பெண்மணி ஒருவர் இறந்தபோது, சாதாரணமானவர்தானே என்று நபித்தோழர்கள் நாயகத்திடம் தெரிவிக்காமலே அடக்கம் செய்துவிட்டனர். “எனக்கு ஏன் அறிவிக்கவில்லை?” என்ற பொருள்படக் கேட்ட நபி (ஸல்) அவர்கள், அவருடைய கப்ருக்கே சென்று தொழுகை நடத்தினார்கள். நம் மஹல்லாவில் துப்புரவுப் பணி செய்பவரின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர் எந்த மதத்தவராயினும், நம் வாசலில் தண்ணீர் கேட்டால் நாம் குடிக்கும் குவளையில் கொடுக்கிறோமா, அல்லது அதற்கென்று தனிக்குவளை வைத்திருக்கிறோமா?

பெற்றோர்களே! பிள்ளைகள் நம் உபதேசத்தைவிட நம் செயலைத்தான் கற்றுக்கொள்கிறார்கள். இந்த வாரம் வீட்டில் அனைவரும் கூடி அமரும்போது, இமாம் ஹாரூன் (ரஹ்) அவர்களின் வரலாற்றையும், அவருக்காக நோன்பிருந்த பாதிரியாரின் செய்தியையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அடுத்த விருந்தில் யாரேனும் ஒருவர் தனியாக அமர்ந்திருக்கக் கண்டால், உங்கள் மகனின் கையைப் பிடித்து அழைத்துச் சென்று அந்தச் சஹனில் அமருங்கள். நீதியில் உறுதியாக நில்லுங்கள், அது உங்களுக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ எதிராக இருந்தாலும் சரியே என்ற 4:135 வசனத்தின் போதனைக்கு, அந்தப் பத்து அடியே நம்மைப் போன்றோரின் முதல் அமலாக அமையட்டும்.

நிறத்தாலும் குலத்தாலும் பிறரை இழிவாக எண்ணும் நோயிலிருந்து வல்ல அல்லாஹ் நம் உள்ளங்களைத் தூய்மைப்படுத்துவானாக! இமாம் ஹாரூன் (ரஹ்) அவர்களின் கப்ரை ஒளிமயமாக்குவானாக! பேச வேண்டிய இடத்தில் மௌனமாக இருந்த நம் பிழைகளைப் பொறுத்து, நாம் மனம் நோகச் செய்தவர்களின் மன்னிப்பையும் நமக்குப் பெற்றுத் தருவானாக! ஆமீன். வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.