முறை வைத்து வரும் காய்ச்சல்

எங்கள் செடெனாக் பக்கம், பால்மரக் காலத்துப் பெரியவர்கள் மலேரியாவை ‘முறைக்காய்ச்சல்’ என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். பொருத்தமான பெயர். இன்று குளிரில் நடுங்கினால், நாளை தெளிவு. மறுநாள் மீண்டும் நடுக்கம்.

அந்த முறையை வகுப்பது ஒட்டுண்ணி. சிவப்பணுவுக்குள் பெருகி, அதை உடைத்து வெளியேறும்போது காய்ச்சல் ஏறுகிறது. வைவாக்ஸ் வகைக்கு இந்தச் சுற்று 48 மணி நேரம். மலேரியே வகைக்கு 72.

2018-இல் மனிதரிடையே பரவும் மலேரியா நம் நாட்டில் உள்ளூர்த் தொற்றாக ஒன்றுகூடப் பதிவாகவில்லை. ஆனால், குரங்குகளிடமிருந்து கொசு வழியே வரும் நோலெசி வகை அதே ஆண்டில் 4,000-க்கும் மேற்பட்டோரைத் தாக்கியது. இதன் சுற்று வெறும் 24 மணி நேரம். நாள்தோறும் பெருகுவதால் உடல்நிலை விரைவில் மோசமாகும். நுண்ணோக்கியில் இது மலேரியே போலவே தோன்றும். சரவாக், காப்பிட்டில் அப்படித் தவறாகக் கருதப்பட்ட பலருக்கு உண்மையில் நோலெசி என்பதை, பேராசிரியர் பல்பீர் சிங் குழுவினர் மரபணுச் சோதனையால் 2004-இல் வெளிப்படுத்தினர்.

கொசுவுக்கும் நேரம் உண்டு. டெங்கி பரப்பும் ஏடிஸ் பகலில் கடிக்கும். மலேரியா பரப்பும் அனோபிலிஸ் பொழுது சாய்ந்ததும் கிளம்பும். நாம் கொசுவலைக்குள் போகும் முன்பே அது கடித்துவிடலாம்.

எனவே, அந்தி வேளையில் செம்பனைத் தோட்டத்திலோ காட்டோரத்திலோ இருப்பவர்கள் முழுக்கைச் சட்டை அணியுங்கள். கொசு விரட்டி பூசுங்கள். காய்ச்சல் கண்டால் முறை வருகிறதா என்று நாள் எண்ணாதீர்கள். அன்றே கிளினிக்குக்குப் போய், எங்கே வேலை செய்தீர்கள் என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.