புள்ளியும் சான்றும்: இடைக்கால மீள்நிகழ்த்தல் அமைப்பொன்றின் கலைப்போட்டி மதிப்பீட்டு முறை

ஆய்வுச்சுருக்கம்

அமெரிக்காவில் தோன்றிய ‘சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனக்ரானிசம்’ என்னும் இடைக்கால மீள்நிகழ்த்தல் அமைப்பு, தன் கலைப்போட்டிகளில் படைப்புகளை மதிப்பிடும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. சான்று, செய்முறை, கைத்திறன் எனும் வெவ்வேறு இயல்புடைய கூறுகளை ஒரே கூட்டுத்தொகையாக்குவதன் இடர்ப்பாட்டைச் சுட்டி, புள்ளிக்குக் காரணம் கூறும் எழுத்துக் குறிப்பே மதிப்பீட்டின் முதன்மைப் பயன் என்பதை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: மீள்நிகழ்த்தல், சான்றுரை, மதிப்பீட்டுக் கூறு, நடுவர், கைத்திறன்.

1. முன்னுரை

1966ஆம் ஆண்டு மே 1ஆம் நாள் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில், ஒரு வீட்டுத் தோட்டத்தில் நடைபெற்ற விளையாட்டுப் போரே இவ்வமைப்பின் தொடக்கமாகும். 17ஆம் நூற்றாண்டுக்கு முற்பட்ட வாழ்வியலை, சிறப்பாக ஐரோப்பிய வாழ்வியலை, நூல்வழி அறிவதோடு செய்துபார்த்தும் கற்பது இதன் நோக்கம். ‘அரசுகள்’ என வழங்கும் வட்டாரப் பிரிவுகளாக இது இயங்குகிறது. கவசப் போரைப் போலவே கலைகளும் அறிவியல்களும் இதில் சிறப்பிடம் பெறுகின்றன. கலைத்துறையில் உயர்ந்த தேர்ச்சியுற்றோர்க்கு ‘லாரல்’ என்னும் தகுதி வழங்கப்படுகிறது. நடுவராக அமர்வோருள் இத்தகுதியுடையோர் பலர். போட்டியாளரும் நடுவரும் ஊதியம் கருதாத ஆர்வலர்களே. ஆதலின், மதிப்பீடு நம்பிக்கை இழந்தால் அது பரிசை மட்டும் பாதிப்பதில்லை. புதிதாகக் கற்க வந்தவர் கலையை விட்டே விலகவும் நேரலாம்.

2. மதிப்பீட்டுக் கூறுகள்

எல்லா அரசுகளுக்கும் பொதுவான ஒரே புள்ளித்தாள் இல்லை. எனினும் சான்றுரை, காலப் பொருத்தம், கைத்திறன், சிக்கற்பாடு, அழகியல் ஆகியன பரவலாகக் காணப்படும் கூறுகளாகும். சான்றுரை என்பது படைப்புடன் போட்டியாளர் அளிக்கும் எழுத்து விளக்கம். மூலப்பொருள் எங்கு, எக்காலத்தில் வழங்கியது, எம்முறையில் செய்யப்பட்டது, தம் படைப்பு அதனினின்று எங்கு ஏன் வேறுபடுகிறது என்பவற்றை அது கூறவேண்டும்.

ஐரோப்பியச் சுவடி எழுத்துக்கலையை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். மாசிக்காய், அன்னபேதி, வேலம்பிசின் ஆகியவற்றால் மை கூட்டி, பதப்படுத்திய தோலில் இறகுகொண்டு எழுதியவர், அன்றைய செய்முறையைப் பெரிதும் பின்பற்றியவராகிறார். ஆனால் அக்கால ஓவியர் கையாண்ட அரிதாரம், சாதிலிங்கம், ஈய வெள்ளை ஆகியவை நச்சுத்தன்மை உடையன. அவற்றுக்கு மாற்றாகத் தீங்கற்ற வண்ணங்களைப் பயன்படுத்தியவர், மாற்றத்தையும் அதன் காரணத்தையும் சான்றுரையில் வெளிப்படுத்தினால், அதனைப் பிழையாகக் கொள்ளாது தெரிந்தெடுத்த முடிவாக நடுவர் கருத இயலும்.

சமையற்கலையில் சிக்கல் வேறு வகையினது. ஏறத்தாழ 1390இல் இங்கிலாந்து மன்னன் இரண்டாம் ரிச்சர்டின் சமையற்காரர்கள் தொகுத்த ‘ஃபார்ம் ஆஃப் கியூரி’ என்னும் நூலின் குறிப்புகளில் அளவுகள் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. உப்பு எவ்வளவு, அடுப்பில் எவ்வளவு நேரம் என்பன சமைப்பவரின் ஊகத்திற்கே விடப்படுகின்றன. இங்கு நடுவர் ஆராயவேண்டுவது சுவையோடு அவ்வூகத்தின் அடிப்படையையும் ஆகும்.

3. கூட்டுத்தொகையின் இடர்ப்பாடு

விளக்கத்தின் பொருட்டு, மேற்கண்ட ஐந்து கூறுகளுக்கும் தலா 10 புள்ளி எனக் கொள்வோம். முதற்படைப்பு அவ்வரிசையில் 9, 8, 5, 5, 4 எனவும், இரண்டாம் படைப்பு 3, 6, 9, 6, 7 எனவும் பெறுகின்றன. இரண்டின் கூட்டுத்தொகையும் 31. முன்னது ஆழ்ந்த ஆய்வும் தேறாத கையும் உடையது. பின்னது தேர்ந்த கையும் குறைந்த ஆய்வும் உடையது. ஒரே எண் இருவேறு குறைகளை மறைத்துவிடுகிறது. சான்றுரைக்கு இரட்டிப்பு மதிப்பளித்தால் முன்னது 40ஆகவும் பின்னது 34ஆகவும் மாறும். எனவே வெற்றியாளர் யார் என்பது, படைப்பைக் காணுமுன்னரே, புள்ளித்தாளை வகுத்தவரால் ஓரளவு முடிவு செய்யப்படுகிறது.

கூறுகள் ஒன்றோடொன்று முரண்படுவதும் உண்டு. எந்திரத் தையல் சீராக இருப்பினும் காலத்திற்குப் பொருந்தாது. கைத்தையலின் சிறு ஏற்றத்தாழ்வு காலத்திற்குப் பொருந்தினும் சீர்மையில் குறையாகத் தோன்றும். சீர்மை கைத்திறனுக்கா காலப் பொருத்தத்திற்கா என்பதைப் புள்ளித்தாள் தெளிவுறுத்தாவிடின், ஒரே தையலுக்கு இரு நடுவர் எதிரெதிர்ப் புள்ளி வழங்குவர்.

4. நடுவர் பொறுப்பு

இவ்வேறுபாட்டைக் குறைக்க இரு வழிகள் உதவும். முதலாவது, ஒவ்வொரு புள்ளி நிலைக்கும் விளக்கம் எழுதிவைத்தல். ‘5’ என்பதன் பொருள் முன்கூட்டியே வரையறுக்கப்பட்டால், நடுவரின் மனநிலைக்கேற்ப அது மாறாது. இரண்டாவது, ஒரே படைப்பைப் பல நடுவர் மதிப்பிட்டு, மிகுதியாக வேறுபடுமிடத்துக் கலந்துரையாடல். சிறு குழுமங்களில் நடுவரும் போட்டியாளரும் ஒருவரையொருவர் அறிந்தவராகவே இருப்பர். பெயரை மறைத்தல் அங்கு அரிதாதலின், தம் மாணாக்கரின் படைப்பை மதிப்பிடாது விலகுதலே நடுவர்க்கு உரிய அறமாகும்.

எனினும் இவ்வழிகள் எண்ணைத் திருத்துவனவேயன்றிக் கற்பிப்பன அல்ல. ‘கைத்திறன் 5’ என்பதனால் போட்டியாளர் அறிவது ஒன்றுமில்லை. ‘மை மிகுதியால் எழுத்தின் ஓரம் கசிந்துள்ளது, தோலின் மேற்பரப்பை மேலும் பதப்படுத்துக’ என்னும் குறிப்பு அடுத்த படைப்பையே மாற்றவல்லது. புள்ளியும் வரிசையுமின்றிப் படைப்புகளைக் காட்சிக்கு வைத்து உரையாடும் நிகழ்வுகளும் இவ்வமைப்பில் நடைபெறுவது, கற்றலுக்குப் போட்டி ஒன்றே வழியன்று என்பதை உணர்த்துகிறது.

5. முடிவுரை

மறைந்த செய்முறையொன்றை மீட்டெடுப்பவர் ஆய்வாளராகவும் கைவினைஞராகவும் ஒருங்கே இயங்குகிறார். ஆய்வுக்கு மிகுதியாகப் புள்ளி வழங்கினால் போட்டி கட்டுரைப் போட்டியாகிவிடும். கைத்திறனுக்கே வழங்கினால் மீள்நிகழ்த்தல் என்னும் நோக்கம் நழுவும். இவ்விரண்டின் சமன்பாட்டை எண்களால் மட்டும் காக்க இயலாது. கூறுவாரியான புள்ளிகளைத் தனித்தனியே காட்டி, ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதித் தரும் மதிப்பீடே தோற்றவர்க்கும் பயனளிக்கும். ஆர்வலரால் நடைபெறும் அமைப்பில் தோற்றவரே பெரும்பாலோர் என்பதால், மதிப்பீட்டு முறையின் தகுதியை அவர்கள் பெறும் பயன்கொண்டே அளவிடல் வேண்டும்.