புள்ளிகளில் ஒரு ‘கொ’

சிறப்புக் கல்வியில் பி.எட். படிப்பதாக ஒருவர் சொன்னால், ‘நல்ல மனசு உங்களுக்கு’ என்கிறோம். கணிதம் படிப்பவரிடம் யாரும் இப்படிச் சொல்வதில்லை. இந்தப் பாராட்டுதான் அந்தப் படிப்புக்கு எதிரி என்பேன். மனசு போதும் என்றாகிவிட்டால் பல்கலைக்கழகம் எதற்கு, முறையான சம்பளம் எதற்கு என்ற கேள்விகள் தாமாகவே வந்துவிடும்.

அங்கே என்னதான் கற்கிறார்கள்? பிரெய்லையே எடுத்துக்கொள்வோம். அச்சில் ‘கொ’ எழுத ககரத்துக்கு முன்னால் ஒற்றைக் கொம்பு, பின்னால் துணைக்கால். இந்திய மொழிகளுக்கான பாரதி பிரெய்லில் இந்தச் சுற்றிவளைப்பு கிடையாது. ககரப் புள்ளிகள், அடுத்து ஒகரப் புள்ளிகள், அவ்வளவே. அச்செழுத்து கற்பித்துப் பழகியவர் கொம்பு, கால் என்று தொடங்கினால் பார்வையற்ற குழந்தைக்கு ஒன்றும் விளங்காது. அறிவுத்திறன் குறைபாட்டுப் பிரிவில் படிப்பவரோ, சட்டைப் பொத்தான் போடுவதைச் சிறுசிறு படிகளாகப் பிரிக்கக் கற்கிறார். காஜாவுக்குள் பாதி நுழைந்த பொத்தானை இழுத்துவிடும் கடைசிப் படியை மட்டும் முதலில் குழந்தையிடம் விடுவார். வேலையை முடித்த மகிழ்ச்சி அன்றே அதற்குக் கிடைத்துவிடும். பிறகு ஒவ்வொரு படியாகப் பின்னோக்கிப் போவார். அன்பு நிறைந்த தாய்க்கும் இது தானாகத் தோன்றிவிடாது. பள்ளி வேன் வரும் அவசரத்தில் பொத்தானை அவரே போட்டுவிடுவார். கற்றல் குறைபாட்டுக்கு வந்தால் சிக்கல் இன்னும் நுட்பமானது. ஒரே ககரம் ‘கடல்’, ‘தங்கம்’, ‘மகன்’ மூன்றிலும் மூன்று விதமாக ஒலிக்கிறது. ‘வந்துட்டான்’ என்று எழுதும் சிறுவனிடம் எட்டிப்பார்ப்பது பேச்சுவழக்கா, டிஸ்லெக்சியாவா? ஆங்கிலத்துக்கென்று செய்த சோதனைத் தாளை மொழிபெயர்த்து இதற்கு விடை காண முடியாது. தமிழை வைத்தே நம் பல்கலைக்கழகங்கள் செய்ய வேண்டிய ஆய்வு இது.

எல்லாக் குழந்தைகளும் ஒரே வகுப்பில் படிக்கும் காலத்தில் தனி வல்லுநர் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அப்படிச் சேர்ந்து படிப்பதை வலியுறுத்தும் அதே மூச்சில், அதற்கேற்ற ஆசிரியர்களை உருவாக்கவும் சொல்கிறது. தொடக்கப் பள்ளியில் மாற்றுத்திறனாளிக் குழந்தைகள் 10 பேருக்கு இத்தகைய ஆசிரியர் ஒருவர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தை, உச்ச நீதிமன்றத்தின் 2021ஆம் ஆண்டுத் தீர்ப்பைத் தொடர்ந்து மத்திய அரசு 2022இல் அறிவித்தது. பெஞ்சில் இடம் கிடைத்துவிட்டதாலேயே பாடம் போய்ச் சேர்ந்துவிடுமா?

இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு. சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. பட்டமோ பார்வை, செவி, அறிவுத்திறன் என்று பிரிவு பிரிவாகத் தரப்படுகிறது. வட்டார வள மையத்திலிருந்து பள்ளி பள்ளியாகச் செல்பவர் எல்லா வகைக் குழந்தைகளையும் பார்த்தாக வேண்டும். இது உண்மை. முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுகளுக்கென்றே 2005 முதல் தேசிய நிறுவனம் இயங்கியும், பிரிவுகளுக்கு நடுவில் சுவர் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் இது பாடத்திட்டத்தை விரிக்கச் சொல்லும் காரணமே தவிர, படிப்பைக் கைவிடச் சொல்லும் காரணம் ஆகாது. பொதுவான பி.எட். மாணவர்களுக்கும் ஒரு தாளோடு நிறுத்தாமல் கூடுதலாகக் கற்பிக்கலாம். சம்பளக் குறையும் உண்மைதான்: சிறப்புக் கல்வி படித்து வருபவர்களைத் தொகுப்பூதியத்தில் வைத்திருக்கிறோம். ‘சிறப்பாசிரியர்’ என்ற பெயர்கூட ஓவியம், தையல் ஆசிரியர்களுக்குப் போய்விட்டது. இவர்கள் வெறும் ‘சிறப்புப் பயிற்றுநர்கள்’.

இவர்களை வல்லுநர்களாக மதிப்பதில் சட்டம் நம்மை முந்திக்கொண்டது. 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டப்படி, மத்தியப் பதிவேட்டில் பெயர் இல்லாதவர் இத்தொழிலைச் செய்தால் ஓராண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். ஆகவே, சேர நினைப்பவர்கள் கட்டணம் கட்டும் முன் இரண்டைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: அந்தக் கல்லூரிக்குக் கவுன்சிலின் அங்கீகாரம் இந்த ஆண்டு உண்டா? உண்டென்றால், எந்தப் பிரிவுக்கு? அங்கீகாரம் இல்லாத படிப்பில் பட்டம் வாங்கினால் பதிவெண் கிடைக்காது.