ஆலய வாசலில் ஆயுதம்: அமெரிக்காவின் துப்பாக்கி உரிம விவாதம்

2015 ஜூன் 17 அன்று இரவு, அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தைச் சேர்ந்த சார்ல்ஸ்டன் நகரில், இமானுவேல் ஆப்பிரிக்க மெதடிஸ்த சபையின் வேதபாட வகுப்பிற்கு ஓர் அந்நிய இளைஞன் வந்தான். சபையார் அவனை வரவேற்று இடமளித்தனர். ஏறக்குறைய ஒரு மணி நேரம் உடனிருந்தபின் அவன் போதகர் உள்ளிட்ட ஒன்பது பேரைச் சுட்டுக் கொன்றான். 2017 நவம்பர் 5 அன்று டெக்சஸ் மாநிலத்துச் சதர்லேண்ட் ஸ்பிரிங்ஸ் பாப்திஸ்து சபையில் ஞாயிறு ஆராதனையின்போது 26 உயிர்கள் மாண்டன. கருவிலிருந்த சிசுவும் அவற்றுள் ஒன்று. அந்நாட்டின் துப்பாக்கி விவாதம் இவ்வாறு ஆலயத்திற்குள்ளேயே வந்துவிட்டது.

வீட்டில் துப்பாக்கி வைத்திருக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2008-லேயே உறுதி செய்தது. அதனைப் பொது இடங்களுக்கு ஏந்திச் செல்ல அரசின் உரிமம் வேண்டுமா, வேண்டுமெனில் அதை எவருக்கு அளிப்பது என்பதே இன்றைய வினா. நியூயார்க் மாநிலத்தில் விண்ணப்பிப்பவர் தமக்கெனத் தனிப்பட்ட தேவை உண்டென்று நெடுங்காலமாக மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. 2022 ஜூன் 23 அன்று அவ்விதியை நீதிமன்றம் தள்ளிவிட்டது. 2024-க்குள் 29 மாநிலங்கள் உரிமமின்றியே ஏந்திச் செல்ல அனுமதித்திருந்தன.

இதனால் பாதுகாப்பு பெருகுமா? பெருகும் என்று ஜான் லாட் என்னும் பொருளியல் அறிஞர் 1998-இல் ஒரு நூலில் வாதிட்டார். தேசிய ஆராய்ச்சிக் குழு 2004-இல் சான்றுகளை ஆராய்ந்து, எப்பக்கமும் முடிவு கூற அவை போதா என்றது. பின்னர் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த ஜான் டோனஹ்யூவும் உடனாய்வாளரும், இத்தகைய சட்டங்கள் வந்து பத்தாண்டுகளில் வன்குற்றங்கள் 13 முதல் 15 சதவீதம் மிகுந்ததாகக் கணித்தனர். பிரசங்க பீடத்திலிருந்து புள்ளிவிவரம் பேசுவோர் இவ்வரலாற்றை அறிந்திருத்தல் நலம்.

ஆயுதம் ஏந்துவதை ஆதரிப்போர் 2019 டிசம்பர் 29-ஐச் சுட்டுவர். அன்று டெக்சஸில் வொயிட் செட்டில்மென்ட் என்னும் ஊரின் ஆலயத்தில் இருவரைக் கொன்றவனைச் சபையின் காவற்குழுவினர் ஒருவர் சில வினாடிகளில் வீழ்த்தினார். அச்செயல் பல உயிர்களைக் காத்ததென்பதை மறுப்பது நேர்மையாகாது. ஆயினும் அவர் பிறருக்குத் துப்பாக்கிப் பயிற்சி அளித்தவர். பயிற்சியையே கேளாத சட்டங்களுக்கு அவரைச் சான்றாக்குவது பொருந்தாது.

போதகர் இவ்விவாதத்தில் வெறும் பார்வையாளரல்லர். தென் கரோலினாவில் ஆலயத்திற்குள் ஆயுதம் கொணரச் சபைப் பொறுப்பாளரின் அனுமதி வேண்டும் என்று சட்டம் வகுத்தது. டெக்சஸின் 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, சபை தடை அறிவிப்புச் செய்தாலன்றி உரிமம் பெற்றோர் ஏந்தி வரலாம். ஆகவே வாசலில் ஒரு பலகையை வைப்பதும் வையாதிருப்பதும் இறையியல் தீர்மானமாகிறது.

இங்கே லூக்கா 22-இல் வரும் இரண்டு பட்டயங்களையே பலர் நாடுகின்றனர். அதே அதிகாரத்தில் ஆண்டவர், பட்டயத்தால் வெட்டுண்ட காதைக் குணமாக்குகிறார் என்பதை மறந்துவிடுகின்றனர். யாத்திராகமம் 22:2, 3 இன்னும் பொருத்தமானதென்பது என் கருத்து. இரவில் கன்னமிடும் திருடன் அடிபட்டு மாண்டால் இரத்தப்பழி இல்லை. சூரியன் உதித்தபின் கொன்றால் பழி உண்டு. தற்காப்பை ஏற்கும் அந்நியமம், வெளிச்சம் வந்தபின் திருடனுடைய உயிரையும் காக்கிறது. இடுப்பில் ஆயுதத்தோடு வாசலில் நிற்கும் சபையார், முன்பின் அறியாதவன் ஒருவன் ஆலயத்தினுள் நுழையும் கணத்தில், அது இரவா பகலா என்று தீர்க்கவேண்டியவராகிறார். அத்தீர்ப்புக்கு அவரை ஆயத்தப்படுத்தியது யார் என்பதே, பலகையைப் பற்றி முடிவெடுக்கும் சபைக்குழு முதலில் கேட்கவேண்டிய கேள்வி.