இணையம் போனாலும் விளக்கு எரிய வேண்டும்

அங் மோ கியோவில் அம்மா தனியாக இருக்கிறார். பழைய மூவறை வீடு. படுக்கையறையிலிருந்து கழிவறைக்குப் போக வேண்டுமென்றால் சமையலறையைக் கடக்க வேண்டும். கழிவறை வாசலில் ஒரு சின்னப் படி. எழுபது வயதைத் தாண்டியவர், இரவில் இரண்டு முறையாவது எழுந்து போவார். அந்தச் சில அடி தூரம்தான் எனக்குப் பெரிய கவலை.

அதற்காக இரண்டு ‘ஸ்மார்ட்’ விளக்குகளும் ஆள் நடமாட்டத்தைக் கண்டறியும் ஓர் உணர்கருவியும் இணையத்தில் வாங்கினேன். எல்லாமே வைஃபை வகை. அம்மா எழுந்து வந்தால் சமையலறை விளக்கு தானாக எரியும். சுவரில் உள்ள சுவிட்சை அணைத்துவிட்டால் விளக்குக்கு மின்சாரமே போகாது என்பதால், சுவிட்சின்மேல் டேப் ஒட்டி, “இதைத் தொடாதீங்கம்மா” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மூன்று மாதம் நன்றாக ஓடியது. பிறகு ஓர் இரவு அகலக்கட்டை இணைப்பு துண்டிக்கப்பட்டது. உணர்கருவி அம்மாவைக் கண்டுகொண்டது. ஆனால் அந்தச் செய்தி வீட்டு ரவுட்டருக்குப் போய், எங்கோ இருக்கும் நிறுவனத்தின் கணினிக்குப் போய், அங்கிருந்து திரும்பி வந்தால்தான் விளக்கு எரியும். அன்று செய்தி ரவுட்டரைத் தாண்டவில்லை. அம்மா இருட்டில் தடவிப் போய்ப் படியில் கால்விரலை இடித்துக்கொண்டார். விழவில்லை, அது அதிர்ஷ்டம்.

காலை நிகழ்ச்சி முடிந்து அழைத்தபோது சொன்னார்: “லைட்டு வரலம்மா. சுவிட்ச போடலாம்னுதான் பார்த்தேன். நீதான் தொடக்கூடாதுன்னு டேப் ஒட்டி வெச்சிருக்கியே.”

வானொலியில் வேலை செய்பவள் நான். அலைவரிசையைப் பற்றி எனக்குத் தெரியும் என்ற மிதப்பு கொஞ்சம் உண்டு. ஆனால் அம்மா வீட்டுக்கு விளக்கு வாங்கியபோது விலையையும் நட்சத்திர மதிப்பீட்டையும் பார்த்தேனே தவிர, அது எந்த அலையில் பேசுகிறது என்று பெட்டியைத் திருப்பிப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு பார்க்கக் கற்றுக்கொண்டேன்.

வைஃபை: வசதிதான், ஆனால் நெரிசல்

வைஃபை கருவிக்குத் தனியாக ஹப் தேவையில்லை. வீட்டு ரவுட்டர் போதும். அதுதான் அதன் கவர்ச்சி. விலை குறைந்த கருவிகளில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் மட்டுமே இயங்குகின்றன. 5 கிகாஹெர்ட்ஸைவிடச் சுவரை நன்றாக ஊடுருவும் என்றாலும், அது சந்தைக்கடை போன்ற இடம். ஒன்றோடொன்று மோதாமல் இயங்க அங்கே 1, 6, 11 என்று மூன்று வைஃபை தடங்கள்தான் உண்டு. மேல் வீடு, கீழ் வீடு, பக்கத்து வீடு என எல்லாருடைய ரவுட்டரும் அதே மூன்றுக்குள் அடங்க வேண்டும். மைக்ரோவேவ் அடுப்பும் அதே பகுதியில்தான் இரைச்சல் போடுகிறது.

இன்னொன்று, வைஃபை மின்கலத்தை வேகமாகத் தின்னும். மின்சார இணைப்பில் இருக்கும் கேமரா, ரோபோ துடைப்பான் போன்றவற்றுக்கு வைஃபை சரி. படம் அனுப்பும் கேமராவுக்கு அந்த வேகமும் தேவை. கதவில் ஒட்டும் சின்ன உணர்கருவிக்கு அது பொருந்தாது.

ஜிக்பீ: கைமாற்றிக் கொடுக்கும் செய்தி

ஜிக்பீயும் உலகின் பெரும்பகுதியில் 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் இயங்குகிறது. ஆனால் அதன் பேச்சு மிகச் சுருக்கம். அதிகபட்ச வேகம் நொடிக்கு 250 கிலோபிட். படம் அனுப்ப முடியாது; “கதவு திறந்தது”, “ஆள் வந்தார்” என்று சொல்லப் போதும். அதனால்தான் ஒரு சின்ன வட்ட மின்கலத்தில் ஓராண்டுக்கு மேலும் ஓடுகிறது.

வானொலி நிலையத்தில் ஒரு கோபுரத்திலிருந்து எல்லாருக்கும் ஒலிபரப்புகிறோம். ஜிக்பீ அப்படியல்ல. ஒரு கருவி பக்கத்துக் கருவிக்குச் சொல்ல, அது அடுத்ததற்குச் சொல்லும். ஆனால் செய்தியைக் கைமாற்றுபவை மின்சார இணைப்பில் உள்ளவை மட்டுமே; மின்கலத்தில் ஓடுபவை மாற்றாது. ஆகவே வீட்டின் நடுவில் ஒரு ஜிக்பீ பிளக்கைச் செருகி வைத்தால், கடைசி அறை வரை இணைப்பு வலுவாகும். ஜிக்பீ விளக்கைச் சுவர் சுவிட்சில் அணைத்துவிட்டால், செய்தி போகும் வழியில் ஓர் ஆள் குறைந்ததாக அர்த்தம்.

ஜிக்பீக்கு ஹப் கட்டாயம். அதைச் செலவு என்று நினைத்துத்தான் நான் முதலில் தவிர்த்தேன். ஆனால் வீட்டிலேயே முடிவெடுக்கும் ஹப் இருந்தால் இணையம் இல்லாவிட்டாலும் விளக்கு எரியும்.

இஸட்-வேவ், புளூடூத்

இஸட்-வேவ், 1 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே இயங்குவதால் வைஃபை நெரிசலில் சிக்காது. ஆனால் நாட்டுக்கு நாடு அலைவரிசை வேறு. அமெரிக்காவில் 908 மெகாஹெர்ட்ஸ், ஐரோப்பாவிலும் சிங்கப்பூரிலும் 868. அமெரிக்காவிலிருந்து உறவினர் அன்போடு வாங்கி வரும் இஸட்-வேவ் கருவி இங்குள்ள ஹப்புடன் பேசாது. புளூடூத் கருவியை நேரடியாகக் கைப்பேசியில் இயக்கினால், சுமார் பத்து மீட்டருக்குள் நாம் இருக்க வேண்டும். அலுவலகத்திலிருந்து அம்மா வீட்டைப் பார்க்க அது உதவாது.

திரெட், மேட்டர்: அலை வேறு, மொழி வேறு

கடையில் அதிகம் குழப்புவது இந்த இரண்டும்தான். வானொலியை வைத்துச் சொன்னால் எனக்குப் புரிகிறது. பண்பலை என்பது அலை. அதில் தமிழும் ஒலிக்கலாம், மலாயும் ஒலிக்கலாம். திரெட் என்பது அலைவழி. மேட்டர் என்பது அந்த வழியில் பேசும் மொழி.

திரெட்டும் ஜிக்பீயும் ஒரே அடிப்படை வானொலித் தரத்தைப் பயன்படுத்துகின்றன. இருந்தும் ஒன்று பேசுவது மற்றொன்றுக்குப் புரியாது. திரெட் வலையை வீட்டு இணையக் கட்டமைப்போடு இணைக்க ஒரு வாயில் வேண்டும். ஆப்பிள் ஹோம்பாட் மினி, இரண்டாம் தலைமுறை கூகல் நெஸ்ட் ஹப் போன்றவற்றில் அது உள்ளேயே இருக்கிறது. உங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருக்கக்கூடும்.

மேட்டர் தரம் 2022 அக்டோபரில் வெளியானது. ஆப்பிள், கூகல், அமேசான் ஆகிய போட்டி நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கியது. மேட்டர் முத்திரை உள்ள விளக்கை மூன்று நிறுவனங்களின் செயலிகளிலும் இணைக்கலாம். கட்டளைகள் வீட்டுக்குள்ளேயே போய்வரும்படி அது வடிவமைக்கப்பட்டுள்ளது. ஆனால் பெட்டியில் ‘மேட்டர்’ என்று மட்டும் பார்த்து வாங்கக் கூடாது. அது வைஃபையிலும் ஓடும், திரெட்டிலும் ஓடும். ‘திரெட் வழி மேட்டர்’ என்றிருந்தால் மேலே சொன்ன வாயில் வேண்டும். பழைய ஜிக்பீ கருவிகளைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. சில ஜிக்பீ ஹப்கள் பாலமாக இருந்து அவற்றை மேட்டர் வீட்டுக்குள் கொண்டுவருகின்றன.

வாங்கும் முன்

இப்போது நண்பர்கள் கேட்டால் மூன்று கேள்விகளைத் திருப்பிக் கேட்கிறேன். கருவி மின்கலத்தில் ஓடுமா, மின்சாரத்தில் ஓடுமா? மின்கலம் என்றால் ஜிக்பீ அல்லது திரெட். படமோ காணொளியோ அனுப்புமா? அனுப்பும் என்றால் வைஃபை. இணையம் இல்லாத நேரத்தில் இது வேலை செய்யாவிட்டால் யாருக்கு என்ன ஆகும்? இந்த மூன்றாவதற்குக் கடைக்காரரிடம் பதில் இருக்காது. நாமேதான் யோசிக்க வேண்டும். வண்ண விளக்கு எரியாவிட்டால் ஒன்றும் ஆகாது. அம்மாவின் சமையலறை விளக்கு அப்படியல்ல.

இன்னும் இரண்டு விஷயங்கள். ஸ்மார்ட் சுவிட்சுகள் பலவற்றுக்கு நியூட்ரல் கம்பி வேண்டும். பல வீவக வீடுகளில் சுவிட்ச் பெட்டிக்குள் அது இருப்பதில்லை. வாங்குவதற்கு முன்பே உரிமம் பெற்ற மின்பணியாளரிடம் காட்டுங்கள். அடுத்து, இணையப் பாதுகாப்பு அமைப்பு 2020 முதல் இத்தகைய கருவிகளுக்கு நான்கு நிலைகளில் பாதுகாப்பு முத்திரை வழங்குகிறது. கேமராவும் கதவுப் பூட்டும் வாங்கும்போது அதைத் தேடிப் பாருங்கள்.

அம்மா வீட்டில் இப்போது கூரை விளக்கு பழையபடி சாதாரண விளக்கு. டேப்பைப் பிய்த்துவிட்டேன். சமையலறை ஓரத்தில் ஒரு சின்ன மேசை விளக்கு, அதற்கு ஜிக்பீ பிளக், படுக்கையறை வாசலில் ஜிக்பீ உணர்கருவி. ஹப்பை ரவுட்டரின் மேலேயே வைக்காமல் கொஞ்சம் தள்ளி வைத்தேன். பக்கத்தில் இருந்தால் வைஃபை இரைச்சல் அதைத் தொந்தரவு செய்யும்.

எல்லாம் முடிந்ததும் ரவுட்டரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு அம்மாவை நடக்கச் சொன்னேன். இரண்டடி வைத்ததும் விளக்கு எரிந்தது. “கரண்ட்டே போயிட்டா?” என்று கேட்டார். அப்போது ஹப்பும் அணைந்துவிடும், எதுவும் வேலை செய்யாது என்று ஒப்புக்கொண்டேன்.

தலையணைக்கடியிலிருந்து கைவிளக்கை எடுத்துக் காட்டினார். இடித்துக்கொண்ட மறுநாளே முஸ்தஃபாவில் வாங்கினாராம்.