எப்படி இயங்குகிறது? உறை மோரும் ஊசி மருந்தும்

நாய் கடித்ததென்று உத்திரமேரூர் அரசு மருத்துவமனைக்கு ஓடுகிறவருக்குப் போடும் தடுப்பூசி, பெரும்பாலும் குரங்குச் செல்லில் வளர்த்த மருந்து. 1962-இல் ஜப்பானில் ஆப்பிரிக்கப் பச்சைக் குரங்கு ஒன்றின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த செல்களை ஆய்வகத்தில் வளர்க்க ஆரம்பித்தார்கள். வீரோ செல் என்று அதற்குப் பெயர். அதன் வாரிசுகள் இன்றும் உலகெங்கும் தடுப்பூசிக் கூடங்களில் வளர்ந்துகொண்டிருக்கின்றன. அந்த ஊசியைப் போட்டுக்கொண்டு வெளியே வந்து டீக்கடை பெஞ்சில் உட்காரும் ஒருவர், "குரங்குலேருந்து மனுஷன் வந்தான்னு சொல்றதெல்லாம் கட்டுக்கதை சார்" என்கிறார் என்று வையுங்கள். அவர் தனக்குத்தானே முரண்படுகிறாரா?

ஆமாம் என்று சொல்லிச் சிரித்துவிடலாம். எனக்கு அதில் உடன்பாடில்லை. உடம்புக்குள் போன மருந்து, இவர் டார்வினை ஏற்றவரா என்று விசாரிப்பதில்லை. ஜென்னர் அம்மைக்குத் தடுப்பூசி போட்டது 1796-இல். டார்வினின் புத்தகம் வந்தது 1859-இல். இன்னும் ஒரு படி மேலே போகலாம். பென்சிலினை மருந்தாக்கியதற்காக 1945-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட எர்ன்ஸ்ட் செயின், டார்வின் கொள்கையை வெளிப்படையாகவே எதிர்த்துப் பேசியவர். அதனால் பென்சிலினின் வீரியம் ஒரு துளியும் குறைந்துவிடவில்லை.

ஆகவே கேள்வியைத் திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. மருந்து வேலை செய்ய நம் நம்பிக்கை தேவையில்லை, சரி. மாத்திரையை எத்தனை நாள் சாப்பிடவேண்டும், ஒன்றுக்கு நான்காக ஏன் சேர்த்துத் தருகிறார்கள், நேற்றுவரை கேட்ட மருந்து இன்று ஏன் கேட்கவில்லை, பன்றியிடமிருந்து எடுத்த மருந்து மனிதனுக்கு எப்படிப் பொருந்தியது? இதற்கெல்லாம் பதில் சொல்ல எது தேவை? அடுக்களைக்குப் போனால் புரியும்.

ராத்திரி பாலைக் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, ஒரு ஸ்பூன் உறை மோர் ஊற்றி மூடி வைக்கிறோம். அந்த ஸ்பூனில் கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள். பாலிலுள்ள சர்க்கரையைத் தின்று அமிலமாக்கி, ஒன்று இரண்டாய், இரண்டு நான்காய்ப் பெருகி, விடிவதற்குள் பாத்திரத்தை நிறைத்துவிடுகின்றன. விடிந்ததும் அதிலிருந்து ஒரு ஸ்பூன் எடுத்து வைக்கிறோம், அடுத்த பாத்திரத்துக்கு. இன்றைய தயிர் நேற்றைய தயிரின் பிள்ளை. முந்தாநாள் தயிரின் பேரப்பிள்ளை.

ஒரு பாக்டீரியா இரண்டாகப் பிரியும்போது தன் டிஎன்ஏ முழுவதையும் படியெடுத்தாக வேண்டும். படியெடுக்கும் வேகத்தில் எங்காவது ஓர் எழுத்து தப்பிவிடும். பெரும்பாலான பிழைகளால் நல்லதும் இல்லை கெட்டதும் இல்லை. சில பிழைகள் அதன் கதையை முடித்துவிடும். எப்போதோ ஒன்று, அன்றைய சூட்டுக்கோ பாலுக்கோ பொருத்தமாக அமைந்து, மற்றவை ஒரு முறை பிரிவதற்குள் இரண்டு முறை பிரிந்துவிடும். காலையில் பாத்திரத்தில் அதன் வாரிசுகளே மிகுதி. அந்த ஸ்பூனில் ஏறி அடுத்த பாத்திரத்துக்குப் போவதும் அவையே. பிழை விழவேண்டும், அது பிள்ளைக்குப் போகவேண்டும், சூழல் சலித்தெடுக்கவேண்டும். பரிணாமத்துக்கு இதற்குமேல் மூலப்பொருள் கிடையாது. திட்டம் போட்டு நடத்த ஆளும் வேண்டாம்.

இதே உறை ஊற்றும் வேலையை அமெரிக்காவில் ரிச்சர்ட் லென்ஸ்கி என்ற உயிரியலாளர் 1988 பிப்ரவரியில் ஆரம்பித்தார். பாத்திரத்துக்குப் பதில் 12 குடுவை, தயிர்க் கிருமிக்குப் பதில் ஈ.கோலை. நாள்தோறும் ஒவ்வொரு குடுவையிலிருந்தும் நூற்றில் ஒரு பங்கு எடுத்துப் புதுக் குடுவையில் விடுவார்கள். விடுமுறையில்லாமல் செய்யவேண்டிய அலுப்பான வேலை. நம் வீட்டுப் பெண்கள் சம்பளமில்லாமல் செய்வது. 70,000 தலைமுறைக்கு மேல் ஓடிவிட்டது. பன்னிரண்டுமே முதல் நாள் கிருமியைவிட வேகமாகப் பெருகக் கற்றன. சுமார் 31,000 தலைமுறை கடந்தபோது ஒரே ஒரு குடுவையில் மட்டும், காற்றுள்ள இடத்தில் அந்த இனம் தின்னாத சிட்ரேட்டைத் தின்னும் கிருமி முளைத்தது. பழைய தலைமுறைகளை உறைய வைத்துப் பாதுகாத்திருப்பதால், தாத்தாவையும் பேரனையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். பரிணாமத்தை யாரும் கண்ணால் பார்த்ததில்லை என்பவர்களுக்கு அது போதுமான பதில்.

மாடு வைத்திருக்கும் வீடுகளில் இன்னொன்றும் தெரிந்திருக்கும். மடிநோய்க்கு ஆன்டிபயாடிக் ஊசி போட்ட மாட்டின் பாலை உறை ஊற்றினால், அது சரியாக உறையாது. பாலில் இறங்கிய மருந்து தயிர்க் கிருமியையும் கொன்றுவிடுகிறது. ஊசி போட்டபின் இத்தனை நாள் பாலைச் சொசைட்டிக்கு ஊற்றாதே என்று மாட்டு டாக்டர் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். இப்போது அந்த மருந்து பாலில் மிகக் கொஞ்சமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தாங்காத கிருமிகள் செத்துவிடும். படியெடுத்த பிழையால் தற்செயலாகத் தாங்கும் சக்தி பெற்ற நாலைந்து பிழைக்கும். போட்டிக்கு ஆளில்லாத பாத்திரத்தில் அவை மெதுவாகப் பெருகும். தயிரும் அரைகுறையாக உறையும். அதையே மறுநாள் உறை ஊற்றி, அதே மருந்துப் பாலில் தொடர்ந்து செய்துவந்தால், மருந்தைச் சட்டைசெய்யாத தயிர் கிடைக்க வழியிருக்கிறது. எந்தக் கிருமியும் மருந்துக்குப் பழகிக்கொள்ளவில்லை என்பதைக் கவனியுங்கள். தாங்காதவை செத்தன, தாங்கும் பிழையோடு பிறந்தவை இடத்தைப் பிடித்தன.

செயினோடு அதே பரிசைப் பகிர்ந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங் தம் நோபல் உரையில் எச்சரித்தது இதைத்தான்: பென்சிலினைக் குறைந்த அளவில் கொடுத்தால் கிருமியைக் கொல்லாது, எதிர்ப்புள்ள கிருமியை வளர்த்துவிடும்.

இப்போது பாத்திரத்தை எடுத்துவிட்டு நுரையீரலை வையுங்கள். டிபி முற்றிய நுரையீரல் பொத்தலில் 10 கோடி கிருமி இருக்கலாம். ஐசோனியசிட் மருந்தைத் தாங்கும் பிழை ஏறக்குறைய 10 லட்சத்தில் ஒரு கிருமிக்கு விழும். ஆக, முதல் மாத்திரையை விழுங்குவதற்கு முன்பே அந்த மருந்துக்கு அடங்காத கிருமி 100 அங்கே உட்கார்ந்திருக்கிறது. இன்னொரு மருந்தான ரிஃபாம்பிசினைத் தாங்குவது சுமார் 10 கோடியில் ஒன்று. இரண்டையும் ஒருசேரத் தாங்கவேண்டுமானால் 100 லட்சம் கோடியில் ஒன்று. அத்தனை கிருமி ஒரு நெஞ்சில் இருக்காது. கூட்டு மருந்தின் ரகசியம் இந்தப் பெருக்கல் கணக்கு. இந்தக் கணக்கைப் படிக்காமலே ஸ்ட்ரெப்டோமைசினை மட்டும் தனியாகக் கொடுத்துப் பார்த்த பிரிட்டிஷ் பரிசோதனையில், தேறிவந்தவர்கள் பலர் மறுபடியும் படுத்தார்கள். அவர்களிடம் இருந்தது மருந்துக்கு அடங்காத கிருமி. 1948-இல் வெளியான செய்தி அது.

சென்னை சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் அந்தப் பாடத்தைப் படித்துவிட்டுத்தான் ஆரம்பித்தது. சானடோரியத்தில் படுக்க வைத்தால்தான் டிபி குணமாகும் என்று உலகம் நம்பிய காலம். சென்னையின் ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரை வீட்டில் வைத்தே, ஒன்றல்ல, இரண்டு மருந்து சேர்த்து ஓராண்டு கொடுத்தார்கள். 1959-இல் முடிவு வந்தது: வீட்டில் இருந்தவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களும் ஏறத்தாழ ஒரேபோலக் குணமானார்கள். உலகம் முழுக்க டிபி வைத்தியம் மாறியதில் அந்த ஆய்வுக்குப் பெரும் பங்கு. இன்று அது தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். இப்போது வழக்கமான டிபிக்கு முதல் இரண்டு மாதம் நான்கு மருந்து, அடுத்த நான்கு மாதம் மூன்று. இரண்டாம் மாதமே இருமல் நின்று, பசி எடுத்து, வேலைக்குப் போகத் தெம்பு வந்துவிடும். "அதான் சரியாப் போச்சே, எதுக்கு இத்தினி மாத்திரை?" என்று நிறுத்துகிறவர் தன் நெஞ்சில் தப்பிய கிருமிகளை எடுத்து வைத்து உறை ஊற்றுகிறார். ஜுரத்துக்கு மெடிக்கல் ஷாப்பில் ரெண்டு வேளைக்கு மட்டும் ஆன்டிபயாடிக் வாங்கிப் போகும் பழக்கமும் அதே ரகம். டார்வினை நம்புகிறவரும் இதைச் செய்கிறார், நம்பாதவரும் செய்கிறார்.

இதுவரை கேட்டுவிட்டு நம் டீக்கடை பெஞ்சுக்காரர் சொல்லக்கூடும்: "கிருமி மாறும், ஒத்துக்கறேன். அதுக்காக மனுஷனும் குரங்கும் ஒண்ணாயிடுமா?"

நல்ல கேள்வி. மறுபடி அதே பாத்திரம். பக்கத்து வீட்டில் ஒருநாள் உறை இல்லையென்று நம் வீட்டில் வாங்கிப் போகிறார்கள். அவர்கள் மகள் கல்யாணமாகி வாலாஜாபாத் போகும்போது ஒரு கிண்ணம் எடுத்துப் போகிறாள். வருஷங்கள் கழித்துப் பார்த்தால் மூன்று வீட்டுத் தயிரும் மூன்று விதம். வாலாஜாபாத் தயிர் நம் தயிராக மாறவில்லை. நம் தயிரும் அதுவாக மாறவில்லை. இரண்டும் ஒரு பழைய பாத்திரத்திலிருந்து பிரிந்தவை. இன்றைய குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்று எந்த உயிரியலாளரும் சொல்லவில்லை. இருவருக்கும் பொதுவான பழைய பாத்திரம் ஒன்று உண்டு என்பதே சங்கதி.

கடவுள் ஒரே கையால் செய்ததால் ஒரே மாதிரி இருக்கலாமே என்றும் வாதிடலாம். நல்ல அம்சங்கள் ஒத்திருந்தால் அந்த வாதம் நிற்கும். ஓட்டை உடைசலும் ஒத்திருந்தால்? மூன்று வீட்டுத் தயிரிலும் ஒரே விநோதக் கசப்பு இருந்தால் உறை எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டியதே இல்லை. தெரு நாயும் ஆடும் தங்களுக்கு வேண்டிய வைட்டமின் சி-யைத் தங்கள் உடம்பிலேயே தயாரித்துக்கொள்கின்றன. நம்மால் முடியாது, நெல்லிக்காயோ எலுமிச்சையோ வேண்டும். அதைத் தயாரிக்கும் மரபணு நம்மிடம் இருக்கிறது, உடைந்த நிலையில். சிம்பன்சியிடமும் மற்றப் பல குரங்குகளிடமும் அதே மரபணு உடைந்து கிடக்கிறது.

மருத்துவம் இந்த உறவை வைத்தே பிழைப்பு நடத்துகிறது. 51 அமினோ அமிலம் கொண்ட இன்சுலினில் பன்றிக்கும் நமக்கும் ஓரிடத்தில்தான் வேறுபாடு, மாட்டுக்கும் நமக்கும் மூன்று இடத்தில். 1982-இல் மனித இன்சுலினைப் பாக்டீரியாவுக்குள் தயாரித்து விற்பனைக்குக் கொண்டுவரும்வரை சர்க்கரை நோயாளிகளை அந்த இரண்டு விலங்குகளின் கணையமே காப்பாற்றியது. நம் மரபணுவை வாசித்துப் பாக்டீரியா இன்சுலின் செய்ய முடிகிறதென்றால், அதற்கும் நமக்கும் எழுத்துமுறை ஒன்று என்று அர்த்தம்.

உறவு உபகாரமாக மட்டும் வெளிப்படவில்லை. தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று பெரியவர்கள் இன்னமும் பயமுறுத்துவது பழைய நாய்க்கடி மருந்தை. டேவிட் செம்பிள் என்பவர் 1911-இல் கசௌலியில் உருவாக்கியது அது; வெறிநோய்க் கிருமியை ஆட்டு மூளையில் வளர்த்துச் செயலிழக்கச் செய்து தயாரித்தார்கள். குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும் பல பத்தாண்டு அது தயாரானது. எத்தனையோ உயிரைக் காத்த மருந்து. ஆனால் போட்டுக்கொண்டவர்களில் சிலருக்குக் கைகால் விளங்காமல் போனது. ஆட்டு மூளையோடு ஆட்டு நரம்பின் உறையும் உடம்புக்குள் சேர்ந்து போயிற்று. அதை எதிர்க்கக் கிளம்பிய நம் எதிர்ப்புச் சக்தி, அதே சாயலில் இருந்த நம் நரம்பு உறையையும் தாக்கியது. ஆடு நமக்குச் சம்பந்தமே இல்லாத பிராணியாக இருந்திருந்தால் அந்த விபத்து நேர்ந்திருக்காது. 2004 கடைசியோடு இந்தியாவில் அந்த மருந்தை நிறுத்தினார்கள். அந்த இடத்துக்கு வந்தவற்றில் ஒன்றுதான் குரங்குச் செல் மருந்து.

பெருமாள் கோயிலுக்குப் பேர்போன ஊர் உத்திரமேரூர். மச்சம், கூர்மம், வராகம், நரசிம்மம் என்று அவதாரங்களை வரிசைப்படுத்தி, இதெல்லாம் நம்மவர்கள் அன்றே சொன்னது என்பவர்கள் இங்கும் உண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அந்த வரிசையை வைத்து டிபிக்கு எத்தனை மாத்திரை என்று சொல்ல முடியாது. சாமி கும்பிடுவதற்கும் பரிணாமத்துக்கும் சண்டை என்று நான் நினைக்கவில்லை. சண்டை வேறிடத்தில் வருகிறது.

2018 ஜனவரியில் அப்போதைய மத்திய மனிதவளத் துறை இணையமைச்சர் சத்யபால் சிங், குரங்கு மனிதனாவதை நம் முன்னோர் யாரும் பார்த்ததாகச் சொல்லவில்லை, டார்வின் கொள்கை தவறு, பாடத்திலிருந்து அதை மாற்றவேண்டும் என்று ஔரங்காபாத்தில் பேசினார். வேதியியலில் முதுகலை படித்தவர், மும்பை போலீஸ் கமிஷனராக இருந்தவர். நாட்டின் மூன்று அறிவியல் அகாடமிகளும் கூட்டாக மறுப்பு வெளியிட்டன.

நோயாளி மறுத்தால் நஷ்டம் ஒன்றுமில்லை. எழுதிக் கொடுத்தபடி மருந்தை முடித்தால் போதும். டாக்டர் மறுத்தாலும், நெறிமுறையை மீறாதவரை ஊசி வேலை செய்யும். நெறிமுறையை வகுப்பவரும் அடுத்த மருந்தைத் தேடுபவரும் மறுத்தால் வேலையே நடக்காது. அந்த வேலைக்குப் பிள்ளைகளை அனுப்பும் பாடப்புத்தகத்தைத் தீர்மானிப்பவர் ஒரு கையில் மருந்தை வாங்கிக்கொண்டு மறு கையால் பாடத்தை அடித்தால், முரண் என்று சொல்லவேண்டியது அதைத்தான்.

2023-இல் மத்தியப் பாடநூல்களை வெளியிடும் என்சிஇஆர்டியின் பத்தாம் வகுப்பு அறிவியலில் 'மரபும் பரிணாமமும்' என்ற பாடம் 'மரபு' என்று சுருங்கியது. 1,800-க்கு மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் எதிர்த்துக் கையெழுத்திட்டும் அது திரும்பவில்லை. பரிணாமம் இப்போது பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலில் இருக்கிறது. அந்தப் பாடத்திட்டத்தில் படித்து, பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் எடுக்காத பிள்ளை அதைப் படிக்காமலே பள்ளியை முடிக்கிறது. தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் 'உயிரின் தோற்றமும் பரிணாமமும்' முழுப் பாடமாக இருக்கிறது. வீட்டில் பத்தாவது படிக்கும் பிள்ளை இருந்தால், பரீட்சைக்கு வராது என்று தள்ளிவிடாமல் அதை வாசிக்கச் சொல்லுங்கள்.