பெங்களூரில் பஸ் பயணம்: குடும்பத்தாருக்குச் சில குறிப்புகள்

பிழைப்பை நாடிப் பெங்களூருக்குக் குடிவரும் நம் குடும்பங்களில், வேலைக்குச் செல்வோர் ஒரு வாரத்திற்குள் தம் வழியை அறிந்துகொள்கின்றனர். வீட்டிலிருக்கும் பெண்டிரும் முதியோருமோ, மாதங்கள் பல சென்ற பின்னும் தெருமுனைக்கு அப்பால் தனியே போகத் தயங்குகின்றனர். மருந்து வாங்குவதற்கும் பிறர் துணையை எதிர்பார்த்திருப்பது, சொந்த ஊரில் தாமாகவே எங்கும் சென்று வந்தவர்களுக்குப் பெருந்துன்பம். இத்துன்பம் நீங்க மூன்று செய்திகளை அறிதல் நலம்.

முதலாவது, வழிகளின் அமைப்பு. 1997 முதல் நகர பஸ்களைத் தனிக் கழகமொன்று நடத்தி வருகிறது. பழைய நகரின் வழிகளில் பெரும்பாலானவை மெஜஸ்டிக் எனப்படும் கெம்பேகௌடா நிலையம், கிருஷ்ணராஜேந்திர மார்க்கெட், சிவாஜிநகர் ஆகிய மூன்றிடங்களில் வந்து கூடுகின்றன. வழி தவறியவர் அஞ்ச வேண்டியதில்லை. மெஜஸ்டிக் செல்லும் பஸ்ஸில் ஏறிவிட்டால், அங்கிருந்து நகரின் பெரும்பகுதிக்கு வண்டி உண்டு. ஊதா, பச்சை மெட்ரோ வழிகளும் அங்கேயே சந்திக்கின்றன. 500 என்னும் எண்ணில் தொடங்கும் பஸ்கள் வெளிவட்டச் சாலையைச் சார்ந்தவை. மாலையில் சில்க் போர்டு சந்திப்பில் நெரிசலில் சிக்குவோருக்கு, 2025 ஆகஸ்டில் ஆர்.வி. ரோடு முதல் பொம்மசந்திரா வரை திறக்கப்பட்ட மஞ்சள் வழி மெட்ரோ நல்ல மாற்று.

இரண்டாவது, மொழி. கன்னடம் நமக்கு அயல்மொழியன்று; உடன்பிறந்த மொழி. நம் 'இடம்' அங்கே 'எட'. 'வலம்' அங்கே 'பல'. பின்னதை, 'பஸ்' என்பதிற்போல முதலெழுத்தை அழுத்திச் சொல்லவேண்டும். பகரம் ஹகரமாவதால், நாம் 'போகுதா?' என்று கேட்பதை அவர்கள் 'ஹோகுத்தா?' என்கின்றனர். இறங்குவதற்கு 'இளி' என்பர். பழந்தமிழில் 'இழிதல்' என்பதும் இறங்குதலே. நிற்குமிடம் 'நில்தாண'. நடத்துநரிடம் 'மெஜஸ்டிக் ஹோகுத்தா?' என்று கேட்க யாருக்குத்தான் இயலாது? தம் பகுதியின் பெயரைக் கன்னட எழுத்தில் ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொண்டால், பஸ்ஸின் பலகையோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

மூன்றாவது, முகவரி. 2023 ஜூன் 11 முதல் கர்நாடக அரசின் சாதாரண பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஆயினும் இச்சலுகை இம்மாநிலத்தில் குடியிருப்போருக்கே உரியது. தமிழ்நாட்டு முகவரியுள்ள அட்டையைக் காட்டுவோர் கட்டணம் செலுத்தவேண்டும். இங்கேயே நிலையாகத் தங்க எண்ணியவர்கள், ஊரிலுள்ள குடும்ப அட்டை முதலியவற்றையும் கருதிப் பார்த்து, ஆதாரில் முகவரியை மாற்றிக்கொள்ளலாம். கட்டணமில்லை எனினும், நடத்துநர் தரும் சீட்டைத் தவறாது பெற்றுக்கொள்க.

வரும் ஞாயிறன்று வீட்டாரை அழைத்துக்கொண்டு மெஜஸ்டிக் வரை சென்று வாருங்கள். மறு வாரம் அவர்கள் வழி கேட்டு முன்னே செல்லட்டும். நீங்கள் வாய் திறவாமல் பின்னே செல்லுங்கள். மூன்றாம் வாரம் உங்கள் துணை அவர்களுக்குத் தேவைப்படாது.